மாடல் டாங்க் செய்து தரச் சொல்லி முன்பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

வார்கேம் (பழைய போர்களை மேசையில் மாடல்கள் வைத்து ஆடும் ஆட்டம்) ஆடுவதற்கு டாங்க் மாடல்களை வெளியே கொடுத்துச் செய்ய நினைக்கிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். எனக்கு 18,000 ரூபாய் போய்விட்டது.

1941 ஜூனில் எகிப்தின் ஹல்ஃபாயா கணவாயில் நடந்த சண்டையை மேசையில் ஆட வெகுநாள் ஆசை. பிரிட்டிஷ் மடில்டா டாங்குகள் ஜெர்மானியரின் 88 மி.மீ. பீரங்கிகளிடம் சிக்கிய இடம். நம் 4வது இந்திய டிவிஷனும் அந்தத் தாக்குதலில் இருந்தது. ஆறு மடில்டா, நான்கு பான்சர் 4 (ஜெர்மன் டாங்க்), எல்லாமே 1/72 அளவில் (நிஜத்தில் 72இல் ஒரு பங்கு), அந்த மாதத்துக்குரிய நிறத்தில் வேண்டும் என்று தெளிவாக எழுதிக் கொடுத்தேன். "மியூசியம் தரம் சார்" என்று மாடல் செய்கிறவர் போட்டோக்கள் அனுப்பினார். நம்பி முழுப் பணமும் கட்டினேன். மூன்று வாரம் என்றவர் நாலரை மாதம் இழுத்தடித்தார்.

பெட்டியைப் பிரித்ததுமே ரெசின் (3டி பிரின்டருக்கு ஊற்றும் திரவப் பிளாஸ்டிக்) வாடை குப்பென்று அடித்தது. முதல் மடில்டாவை எடுத்தால் அடிப்பக்கம் விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. பிரின்ட் எடுத்ததைச் சரியாகக் கழுவவில்லை, இறுகுவதற்கு யூவி விளக்கிலும் வைக்கவில்லை. அதன் மேலேயே பிரைமர் (அடிப்பூச்சு) அடித்திருக்கிறார். இரண்டு நாளில் இன்னொன்றின் மூலை விரிந்து, உள்ளேயிருந்து ரெசின் கசிந்தது. உள்கூடாகப் பிரின்ட் எடுத்தால் வடிவதற்கு ஓட்டை விட வேண்டும். விடவில்லை. தோலில் பட்டால் அலர்ஜி வரக்கூடிய சரக்கு இது. வீட்டில் பிள்ளைகள் கையில் எடுத்திருந்தால்?

நிஜ மடில்டாவின் நீளம் 5.6 மீட்டர். 1/72இல் 78 மி.மீ. வர வேண்டும். அளந்தேன், 74. அதாவது 1/76. பான்சர்கள் மட்டும் 1/72.

வயிறு எரிந்தது நிறத்தைப் பார்த்துத்தான். அந்தக் காலத்து மடில்டாவுக்குரியது காண்டர் உருமறைப்பு: மணல் நிறமும் இரண்டு சாம்பல் நிறங்களும் நேர்க்கோடுகளாகச் சாய்வாக வெட்டிக்கொள்ளும். அதில் வெளிர் சாம்பல் லேசாகப் பச்சை கலந்தது. எனக்கு வந்தது பளீர் வானநீலம். பான்சர்களுக்கோ பீரங்கியில் நீளக் குழல்! 1941இல் ஆப்பிரிக்காவில் இருந்த பான்சர் 4 எல்லாம் குட்டைக் குழல்தான். நீளக் குழல் அங்கே வந்தது 1942இல். அவற்றுக்கு அடித்திருந்த மஞ்சளை ஜெர்மன் டாங்குகளுக்கு அடிக்க உத்தரவு வந்ததே 1943 பிப்ரவரியில்.

போன் செய்தேன். "டேபிள்ல வெச்சு ஆடறதுக்கு இதெல்லாம் யாரு சார் பாக்கப் போறா?" நான் பார்ப்பேன். அதற்குத்தானே பணம் கொடுத்தேன்? மறுநாள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். பிறகுதான் அவர் அனுப்பிய போட்டோக்களை இமேஜ் சர்ச்சில் போட்டேன். எல்லாம் வெளிநாட்டு மாடலர் ஒருவருடையவை.

நீங்கள் அந்தத் தேடலை முதலிலேயே செய்யுங்கள். ஒரே ஒரு டாங்க் செய்து வாங்கிப் பாருங்கள். பிரைமர் அடிக்கும் முன், இன்றைய தேதி எழுதிய தாளோடு போட்டோ கேளுங்கள். முழுப் பணம் வேண்டவே வேண்டாம்.

இதே ஆளிடம் கட்டிவிட்டுக் காத்திருப்பவர்கள் 1930க்கு (சைபர் மோசடிப் புகார் எண்) உடனே அழையுங்கள், எனக்கும் எழுதுங்கள். ரசீது, சாட் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். புகாரைச் சேர்ந்தே கொடுப்போம்.