தம்பியும் நானும் நிரப்பிய அறநெறிக் கேள்வித்தாள்

குமரி மாவட்டத்தில் குளச்சலை அடுத்த மீனவர் ஊரான இனயத்தில் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை 2016-ல் கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்த நாளிலிருந்து எனக்கும் தம்பிக்கும் பேச்சு சரியில்லை. அவனுக்குக் குலசேகரம் பக்கம் இரண்டு ஏக்கர் ரப்பர். "நாட்டுக்குப் பெருமை, நம்ம பிள்ளையளுக்கு வேலை" என்பான். நான் குளச்சல் பக்கம் இருபது வருடம் கணக்கு டீச்சராக இருந்தவள். துறைமுகம் என்றால் என்னிடம் படித்த பிள்ளைகளின் வீடுகள்தான் எனக்குக் கண்ணில் வரும். பிறகு பெண்களுக்குப் பேருந்தில் இலவசம் வந்தது, அதற்கும் சண்டை. அம்மாவின் நினைவு நாளுக்குத் தக்கலைக்கு வந்தாலும் சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் பேசாமல் இருந்து எழுந்து போவான்.

இந்த முறை உளவியல் படிக்கும் என் மகள், சரி தவறு என்று முடிவு செய்ய ஒருவர் எதற்கு எவ்வளவு எடை கொடுக்கிறார் என்று அளக்கும் ஒரு கேள்வித்தாளை (Moral Foundations Questionnaire) இரண்டு பிரதி அச்செடுத்து வைத்திருந்தாள். ஜோனதன் ஹைட், ஜெஸ்ஸி கிரஹாம், பிரையன் நோசெக் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் சேர்ந்து உருவாக்கியது. காசு கிடையாது. 30 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை மதிப்பெண். பரிவு, நியாயம், விசுவாசம், அதிகாரத்துக்கு மரியாதை, தூய்மை என்று ஐந்து தலைப்பு. ஒன்றுக்கு ஆறு கேள்வி, ஆகவே 30 மதிப்பெண். எந்தக் கட்சிக்கு ஓட்டு என்று இந்தக் கேள்விகளில் எங்கும் வராது. தம்பி உட்கார்ந்ததே அதனால்தான்.

தாள் ஆங்கிலத்தில் இருந்தது. நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொல்ல, அவன் எண்ணைச் சொன்னான். மரச்சீனிக்கிழங்கும் கட்டன் சாயாவுமாக இரண்டரை மணி நேரம் போனது. நடுவில், ஒருவரை நல்லவர், கெட்டவர் என்று முடிவு செய்ய அவருக்குக் கணக்கு நன்றாக வருமா என்று பார்ப்பீர்களா என்ற கேள்வி வந்தது. "எக்கா, இது என்ன கேள்வியாக்கும்?" என்றான். கவனித்துப் பதில் சொல்கிறோமா என்று சோதிக்கத்தான் அது, மதிப்பெண்ணில் சேராது.

கூட்டிப் பார்த்தபோது பரிவில் எனக்கு 27, அவனுக்கு 26. அந்த எண்ணைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் அடித்தபோது அவனுடைய ரப்பர் மரங்களே பாதி சாய்ந்து கிடந்தன. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளுக்கு அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு போனவன் அவன். அதை நேரில் பார்த்திருந்தும், துறைமுகப் பேச்சு வரும்போதெல்லாம் "ஒனக்கு மனசே இல்ல" என்று சொல்லியிருக்கிறேன். விசுவாசத்தில் அவன் 24, நான் 14. அதிகாரத்தில் அவன் 21, நான் 12. எங்கள் சண்டை பிறந்த இடம் இந்த இரண்டும்தான், மனசு இல்லாததால் அல்ல. தாளை உருவாக்கிய ஆய்வாளர்கள் 2009-ல் அமெரிக்காவில் கண்டதும் கிட்டத்தட்ட இதுதான்: தாராளவாதிகள் பரிவையும் நியாயத்தையும் தூக்கிப் பிடிக்கிறார்கள், பழமைவாதிகள் ஐந்தையும் ஏறக்குறைய சமமாக எடைபோடுகிறார்கள்.

நியாயத்தில்தான் தாள் எங்களைக் கைவிட்டது. எனக்கு 26, அவனுக்கு 25. அப்படியானால் இலவசப் பேருந்துக்கு எதற்கு இத்தனை சண்டை? விடை 2023-ல் வந்த புதிய தாளில் இருந்தது. அதில் 36 கேள்விகள். நியாயத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், எல்லோருக்கும் சமம் என்பது ஒன்று, உழைப்புக்கு ஏற்ற பங்கு என்பது இன்னொன்று. எல்லோரும் ஒரே அளவு சம்பாதித்தால் உலகம் நன்றாக இருக்குமா என்றதற்கு அவன் தலையையே ஆட்டவில்லை. கடினமாக உழைப்பவருக்கு அதிகப் பணம் சேரவேண்டுமா என்றதும், விடியும் முன்னால் ரப்பர் பால் வெட்டப் போகிறவன், "அது நியாயமாக்கும்" என்று உடனே சொன்னான். நிரப்ப நினைக்கிறவர்கள் பழைய தாளை விட்டுவிட்டு நேராகப் புதியதை எடுங்கள்.

ஆனால் பழைய தாளின் ஒரு கேள்வியில் நாங்கள் இரண்டு பேரும் நின்றுவிட்டோம். தூய்மை, கண்ணியம் பற்றிய நெறிகளை ஒருவர் மீறினாரா என்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? எண்ணைச் சொல்லாமல் தம்பி கேட்டான்: "யாருக்க கண்ணியம்?"

எங்கள் ஊரில் இது சும்மா கேட்கிற கேள்வி அல்ல. திருவிதாங்கூர் ஆட்சியில் எங்கள் பாட்டிமாரின் பாட்டிமார் மேல்சாதிக்காரர் முன்னால் மாரை மறைக்கக் கூடாது. அதற்குப் பெயர்தான் அன்று மரியாதை, அதுதான் ஒழுங்கு. மறைத்த பெண்களின் துணியைச் சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1859 ஜூலை 26-ல் அரசாணை வந்தபோதுகூட, மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல உடுத்தக் கூடாது என்றுதான் வந்தது. அந்தப் பெண்கள் கேட்டது கண்ணியமா, சமத்துவமா? இரண்டும் ஒரே முழத் துணியில்தான் இருந்தன. தாள் கண்ணியத்தை ஒரு கட்டத்திலும் சமத்துவத்தை வேறொரு கட்டத்திலும் போட்டு, தனித்தனியாகக் கூட்டச் சொல்கிறது. அய்யா வழிக்காரர்களின் தலைமைப்பதியான சாமித்தோப்பில் இன்றும் ஆண்கள் தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போகிறார்கள். தலையில் துண்டு கட்டும் உரிமை மறுக்கப்பட்டவர்களைக் கட்டிக்கொண்டு வந்து கும்பிடச் சொன்னார், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த வழியைத் தொடங்கிய அய்யா வைகுண்டர். அது பக்தியா, எதிர்ப்பா? இந்தத் தாளை வைத்து அதை அளக்க முடியாது.

ஹைட் 1993-ல் புவனேசுவரில் மூன்று மாதம் தங்கி ஆய்வு செய்தவர். சமூகமும் தெய்வமும் அறத்துக்குள் எப்படி வருகின்றன என்று அவர் கண்டது அங்கேதான். ஒடிசாவோடு நிற்காமல் தெற்கே எங்கள் பக்கமும் வந்திருக்கவேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

இதைத் தனியாக உட்கார்ந்து நிரப்பினால் ஐந்து எண்கள் கிடைக்கும், அவ்வளவுதான். யாரோடு பேச்சு நின்றுபோயிருக்கிறதோ அவரோடு உட்காருங்கள், கேள்வியைச் சத்தமாக வாசியுங்கள். எண்ணைக் கேட்பதற்கு முன் "ஏன்" என்று கேளுங்கள்.

கண்ணியக் கேள்விக்கு நாங்கள் இருவருமே எண் போடவில்லை. தம்பி தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் தமிழில் எழுதினான்: "மரியாதை கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்று பார்ப்பீர்களா?" அதற்கு அவன் போட்ட மதிப்பெண் 5. நானும் 5 போட்டேன். துறைமுகம் பற்றி அவன் கருத்து மாறவில்லை, என் கருத்தும்தான். மகள் அந்தத் தாளைக் கல்லூரிக்கு எடுத்துப் போயிருக்கிறாள்.