கிரேக்க மொழியில் இரண்டு ஆஸ்திரேலிய நாவல்கள்

ஆஸ்திரேலியாவிலிருந்து கிரேக்க மொழிக்குப் போன கதைகளில் கிறிஸ்தோஸ் சியோல்காஸின் ‘தி ஸ்லாப்’ (2008), மார்கஸ் சுசாக்கின் ‘தி புக் தீஃப்’ (2005) ஆகிய இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், மொழிபெயர்ப்பாளருக்கு எளிதானது முதலாவதுதான் என்று தோன்றும். சியோல்காஸ் மெல்பர்னில் கிரேக்கக் குடியேறிகளுக்குப் பிறந்தவர். விருந்தொன்றில் பிறர் பிள்ளையை ஒருவர் அறைந்துவிடுவதில் தொடங்கும் அவருடைய கதையிலும் கிரேக்கக் குடும்பமே நடுவில் நிற்கிறது. ஆனால் உண்மையில் கடினமானது அதுதான்.

சுசாக்கின் நாவல் ஏறக்குறைய முழுவதும் நாஜி ஜெர்மனியில் நடப்பதால் அதில் ஆஸ்திரேலிய மண் இல்லை என்றே சொல்லலாம். நூல்களைத் திருடும் சிறுமியை அவளுடைய வளர்ப்புத் தாய் ரோசா ஏசும் ‘சாவ்மென்ஷ்’ போன்ற ஜெர்மன் வசைகள் ஆங்கிலத்தில் எவ்வளவு அயலோ, கிரேக்கத்திலும் அவ்வளவே அயல்; அவற்றை அப்படியே விட்டுவிடலாம். தலைப்பு மட்டும் சற்று மாறுகிறது. திருடுவது ஆணா பெண்ணா என்பதை ஆங்கிலச் சொல் மறைத்துவைக்க, கிரேக்கத் தலைப்பின் ‘க்லெஃப்த்ரா’, நம் ‘திருடி’யைப் போல, அட்டையிலேயே சொல்லிவிடுகிறது. கதைசொல்லியான மரணமும் அங்கே புதியவர் அல்லர். மரணத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லான ‘தானதோஸ்’ இலக்கணத்திலேயே ஆண்பால். கரிய உடையில் குதிரையேறி வந்து உயிர்களை அள்ளிச் செல்லும் ஹாரோஸை நாட்டார் பாடல்களில் கேட்டு வளர்ந்த வாசகருக்கு, மரணம் பேசுவதைவிட, அது இவ்வளவு களைத்துப்போய்ப் பேசுவதே வியப்பாக இருக்கும்.

சியோல்காஸிடம் சிக்கல் வேறு வகையானது. ஆங்கில வரிகளுக்கிடையே கிரேக்கச் சொல் ஒன்று தலைகாட்டும்போது, ஒரு குடும்பம் எங்கிருந்து வந்தது என்பதை அந்த ஒற்றைச் சொல்லே உணர்த்திவிடும். முழுப் பக்கமும் கிரேக்கமாகிவிட்டால் அந்தச் சொல் கூட்டத்தில் கரைந்துபோகும்; சாய்வெழுத்தில் அச்சிட்டாலும் அந்த அயல்தன்மை மீளாது. எட்டுப் பேரின் பார்வையில் எட்டு அத்தியாயங்களாக விரியும் நாவலில் முதியவர் மனோலிஸின் அத்தியாயம்தான் உண்மையான சோதனை. அவர் பேசும் கிரேக்கம் ஏதென்ஸின் இன்றைய கிரேக்கமாக இருக்க முடியாது. ஊரைவிட்டுக் கிளம்பிய காலத்தோடு உறைந்து, நடுவே ஆங்கிலம் கலந்துபோன கிரேக்கம் அது. மெல்பர்ன் கிரேக்கர்கள் மோட்டார் காரைக் ‘காரோ’ என்பார்கள். ஏதென்ஸிலோ அது வண்டிமாடோ குதிரையோ இழுக்கும் கட்டைவண்டி. அந்தப் பேச்சை அப்படியே கொடுத்தால் கிரேக்க வாசகர் சிரித்துவிடக்கூடும். செப்பனிட்டுக் கொடுத்தால் புலம்பெயர்ந்தவர் மறைந்து, ஏதென்ஸ்வாசி ஒருவர் வந்து உட்கார்ந்துகொள்வார். நானாக இருந்தால் சிரிப்புக்குத் துணிந்து முதல் வழியையே எடுப்பேன்.

பதின்ம வயதினருக்குக் கொடுப்பதானால் சுசாக்கின் நூலையே தேர்ந்தெடுக்கலாம்; அமெரிக்காவில் அது இளையோர் நூலாகத்தான் வெளியானது. மொழிபெயர்ப்பு என்ற வேலை எங்கே திணறுகிறது என்று பார்க்க விரும்பும் கிரேக்க வாசகர் மனோலிஸின் அத்தியாயத்தைத்தான் முதலில் திறக்க வேண்டும்.