பாலக்காட்டில் லேப் டெக்னீஷியன் பாதுகாப்புப் பயிற்சி: போகலாமா?

லேப் டெக்னீஷியன்களுக்காகப் பாலக்காட்டில் ஒருநாள் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். கட்டணம் 600 ரூபாய், மதியச் சாப்பாடும் சேர்த்து. போகலாமா என்று கேட்டால், கட்டாயம் போங்கள் என்பேன். பெரிய குறை ஒன்றும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் வேலை பார்ப்பது கொழிஞ்சாம்பாறையில், ஒரு சின்னத் தனியார் லேபில். வீடு கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டில். மருத்துவக் கழிவு பற்றிய 2016 விதிகள், வேலைக்குச் சேரும்போதும் அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவதும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்கின்றன. பல இடங்களில் அது ரெஜிஸ்டரில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடும். இந்தப் பயிற்சி அப்படி இல்லை.

நடத்தியவர் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மைக்ரோபயாலஜி டீச்சர். மலையாளம்தான், ஆனால் எங்களைப் பார்த்ததும் பாலக்காட்டுத் தமிழுக்கு மாறிக்கொண்டார். முதல் வேலையாக எல்லோரையும் க்ளவுஸ் போடச் சொல்லி, அதன்மேல் சிவப்பு மையைத் தடவிவிட்டு, "இப்பக் கழட்டுங்கோ" என்றார். கழற்றியதும் பாதிப் பேருக்கு மணிக்கட்டில் சிவப்பு. வருஷக்கணக்காக ரத்தம் எடுக்கிறவர்களும் அதில் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவரையும் சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்பக் கழற்ற வைத்தார். ஸ்லைடு போட்டுக் காட்டியிருந்தால் இது மனதில் நின்றிருக்காது.

அடுத்தது, ரத்தம் சிந்தினால் என்ன செய்வது. தரையில் சாயத் தண்ணீரைக் கொட்டி, நடுவில் ஒரு உடைந்த டியூப். பேப்பர் டவலால் மூடி, ஹைப்போவை (கிருமி கொல்லும் சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) ஓரத்திலிருந்து உள்நோக்கி ஊற்றி, அரைமணி நேரம் காத்திருந்து, கண்ணாடியை ஃபோர்செப்ஸால் எடுக்க வேண்டும். கையால் தொடக் கூடாது. கடையில் வாங்கும் 5 சதவீத ஹைப்போவில் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் சேர்த்தால் 1 சதவீதம் வரும். அதையும் தினம் புதிதாகக் கலக்க வேண்டும், வெளிச்சத்தில் வைத்தால் வீரியம் போய்விடும். ரத்த டியூப்களை வேகமாகச் சுழற்றும் சென்ட்ரிஃபியூஜ் ஓடும்போது உள்ளே டியூப் உடைந்த சத்தம் கேட்டால் நிறுத்திவிட்டு அரைமணி நேரம் மூடியைத் திறக்கக் கூடாது. அவசர ரிப்போர்ட் கேட்டு டாக்டர் போன் போட்டாலும் சரி, அவர் காத்திருக்கட்டும்.

எனக்கு மிகவும் பயன்பட்டது ஊசிக் குத்து பற்றிய பகுதி. தடுப்பூசி போடாதவருக்கு, அந்த நோய் உள்ளவரின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால் ஹெபடைடிஸ் பி தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. எச்ஐவிக்கு 0.3 சதவீதம்தான். நாமோ எச்ஐவிக்குப் பயந்து நடுங்கிவிட்டு, பி தடுப்பூசியின் மூன்றாவது டோஸைத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறோம். குத்திய இடத்தைப் பிதுக்காமல் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எச்ஐவி தடுப்பு மாத்திரையை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். நம்மைப் போல ஒரு மாநிலத்தில் வேலை, இன்னொரு மாநிலத்தில் வீடு என்று இருப்பவர்கள் ராத்திரியில் எந்த ஆஸ்பத்திரிக்கு ஓடுவது என்பதை முன்னாலேயே முடிவு செய்து, போன் நம்பரை லேப் சுவரில் ஒட்டச் சொன்னார். எங்கள் லேபில் ஒட்டிவிட்டேன்.

மாடு வளர்க்கும் ஊர் என்பதால், கால்நடைகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் புருசெல்லா பாக்டீரியா பற்றியும் விரிவாகச் சொன்னார். காரணம் தெரியாத நீண்ட காய்ச்சலின் கல்ச்சர் பிளேட்டை (கிருமியை வளர்த்துப் பார்க்கும் தட்டு) திறந்து மோந்து பார்க்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. லேபில் வேலை செய்பவர்களுக்குத் தொற்றும் பாக்டீரியாக்களில் முன்வரிசையில் இருப்பதே புருசெல்லாதான். வடிகட்டிய காற்றை வீசும் லேமினார் ஃப்ளோ மேடை இருக்கிறதே என்று நம்பக் கூடாது. அது சாம்பிளைக் காக்கும், காற்றை நம் முகத்துக்கு அனுப்பும். ஆளைக் காக்க பயோசேஃப்டி கேபினெட் வேண்டும். 2018இல் கோழிக்கோட்டில் நிபா வந்த பிறகு, காய்ச்சல் சாம்பிளை இந்த வட்டாரத்தில் யாரும் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது. தீயணைப்பான் பாடம் மட்டும் அவசரமாக ஓடிவிட்டது.

இப்போது குறை. எங்கள் லேபில் மஞ்சள், சிவப்புக் கழிவுப் பைகளைக் கட்டுவதும் ஊசி டப்பாவைத் தூக்குவதும் டியூப் கழுவுவதும் ஒரு அக்கா. ஆபத்து எங்களைவிட அவருக்குத்தான் அதிகம். அவரையும் கூட்டி வரட்டுமா என்று பதிவின்போது கேட்டேன். டிப்ளமோ, டிகிரி படித்தவர்களுக்கு மட்டும்தான் என்றார்கள். ஆனால் பயிற்சியும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசியும் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் வேண்டும் என்பதுதான் அதே 2016 விதி. கேரள மருத்துவக் கழிவு 2024 டிசம்பரில் திருநெல்வேலிக் கிராமங்களில் கொட்டப்பட்டு, தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டுத் திரும்ப அள்ள வைத்தது எல்லோருக்கும் தெரியும். பையைக் கட்டுகிற கைக்கு எது எங்கே போக வேண்டும் என்று சொல்லிக் கொடுக்காவிட்டால், அது லாரி ஏறும் முன்பே தப்பு தொடங்கிவிடுகிறது.

அவர்களுக்காகத் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு அரைநாள் வகுப்பு வையுங்கள் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். டீச்சரும் தலையாட்டினார். அடுத்து பதிவு செய்கிறவர்களும் இதையே கேளுங்கள், நாலு பேர் கேட்டால்தான் நடக்கும். பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம், கொழிஞ்சாம்பாறை வழியாகப் பஸ் இருக்கிறது. தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். டீச்சர் ஒவ்வொன்றையும் பார்த்து, யாருக்கு டோஸ் பாக்கி, யார் டைட்டர் (தடுப்பூசியால் ரத்தத்தில் வந்த எதிர்ப்புச் சக்தியின் அளவு) பார்க்க வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்கிறார்.