பழைய த்ரீ நாட் த்ரீ (.303) ரைபிளைப் புதுப்பிக்கக் கொடுத்தேன், வேறொருவரின் போல்ட் திரும்பி வந்தது

உரிமத்தோடு பழைய ராணுவ ரைபிள் வைத்திருப்பவர்கள், அதிலும் பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ என்ஃபீல்டு நம்பர் 4 வைத்திருப்பவர்கள், தயவுசெய்து கடைசி வரை படியுங்கள். பணம் மட்டும் போயிருந்தால் நான் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். கன்னத்தை ஒட்டி வைத்துச் சுடுகிற பொருள் இது.

என்னுடையது 1943-ல் கனடாவின் லாங் பிராஞ்ச் ஆலையில் செய்த நம்பர் 4 மார்க் 1 ஸ்டார். காஸ்மோலின் கிரீஸ் அப்பிக் கிடந்த நிலையில் வாங்கி, பல நாள் உட்கார்ந்து துடைத்தெடுத்தேன். போல்ட் என்பது தோட்டாவை உள்ளே தள்ளிப் பின்னாலிருந்து பூட்டும் உருளை. அதன் கைப்பிடியின் பின்பக்கத்தில் ஒரு எண், பின்கட்டை செருகும் பட் சாக்கெட்டின் இடப்பக்கத்தில் அதே எண். நடுவில் 'எல்' என்ற எழுத்து. லாங் பிராஞ்ச் எண்களில் அந்த 'எல்' இருக்கும்; அமெரிக்காவில் சாவேஜ் செய்தவற்றில் 'சி' இருக்கும். இந்த 'எல்', 'சி' விஷயம் பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வயதாக ஆக முன்குறியும் பின்குறியும் ஒன்றாகத் தெளிவதில்லை. அதனால் ஒரு ஸ்கோப் மாட்டலாம், பழைய மரக்கட்டைக்குப் பதில் நீளத்தை மாற்றிக்கொள்ளக்கூடிய பிளாஸ்டிக் ஸ்டாக் போடலாம் என்று நினைத்தேன். நிபந்தனை ஒன்றே ஒன்று: போல்ட் ஓடும் இரும்பு உடலான பாடியில் துளை போடக் கூடாது. நம்பர் 4-க்கு, ஸ்கோப்பைத் தாங்கும் மவுண்ட் துளையில்லாமல் மாட்டும் வகையிலும் கிடைக்கிறது. பின்குறியின் அச்சு இருந்த இடத்தையும் காலிக் கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் திருகின் துளையையும் பிடித்துக்கொண்டு உட்காரும். என்றைக்காவது மனம் மாறினால் கழற்றிவிட்டுப் பழைய மரத்தையும் குறியையும் திரும்பப் பூட்டலாம்.

பட்டறைக்காரர் நன்றாகத்தான் பேசினார். துளையில்லாத மவுண்ட் ஆடும், நாலு திருகு போட்டால் மலை மாதிரி நிற்கும் என்றார். "ராணுவமே இதில் ஸ்கோப் மாட்டியதுதானே சார்" என்றும் கேட்டார். மாட்டியது உண்மைதான். குறி தவறாமல் சுடும் துப்பாக்கிகளாகப் பொறுக்கி எடுத்து, ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கி நிறுவனத்தில் கொடுத்து, இடப்பக்கம் மவுண்ட் பொருத்தி, நம்பர் 32 ஸ்கோப்பை ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தனித்தனியாகச் சரிபார்த்து, அந்த ஸ்கோப்பின் எண்ணை ஸ்டாக்கின் கழுத்திலேயே அடித்து அனுப்பினார்கள். இந்தத் துப்பாக்கிக்கு இந்த ஸ்கோப், வேறு மாற்றாதே என்பதுதான் அதற்கு அர்த்தம். அதையெல்லாம் சொல்லி, துளை வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்லிவிட்டு வந்தேன். வாயால் சொன்னேனே தவிர எழுதி வாங்கவில்லை. ரசீதில் "ரைபிள் ஒன்று, நவீனப்படுத்த" என்று மட்டும் இருந்தது. போல்ட் எண் இல்லை, கூட இருந்த மரப்பாகங்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்று வாரம் என்றது நான்கு மாதம் ஆனது. கையில் வந்தபோது பாடியின் மேல் நான்கு துளை. மூன்றாவது துளையின் திருகு மட்டும் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மேலே நின்றது. பின்னால் கழற்றிப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மரை வெட்டும் டேப் கருவி உள்ளேயே முறிந்திருக்கிறது. அதை எடுக்காமல் எபாக்சி ஊற்றி, மேலே திருகின் தலையை மட்டும் ஒட்டிக் கறுப்புப் பூசியிருந்தார்கள். அந்தக் காலத்து இரும்பு கடினமானது, துரப்பணம் வழுக்கி விலகும். விலகித்தான் இருந்தது. ஸ்கோப்பின் பக்கவாட்டுத் திருகைக் கடைசி வரை திருப்பியும் குண்டு இடப்பக்கமே விழுந்தது.

டிரிகரும் கெட்டிருந்தது. மார்க் 1-லும் மார்க் 1 ஸ்டாரிலும் டிரிகர் பாடியில் தொங்காது, டிரிகரைச் சுற்றியுள்ள வளையமான டிரிகர் கார்டில்தான் தொங்கும். குழலுக்கு அடியில் இருக்கும் முன்கட்டை உட்காரும் விதம் மாறினால் டிரிகரின் இழுப்பும் மாறும். பிளாஸ்டிக் ஸ்டாக்கைப் பூட்டியவர் அதைக் கவனிக்கவே இல்லை. இரண்டு கட்டமாக இழுபட வேண்டியது ஒரே கட்டமாகப் போயிருந்தது. இது மட்டும் என்றால் எப்படியாவது சரிசெய்துகொண்டிருப்பேன்.

முதல் நாள் சுடுதளத்தில் ஐந்து தோட்டா சுட்டேன். எல்லாம் புதுத் தோட்டா, சுட்ட கூட்டில் மீண்டும் மருந்து அடைத்த மறுநிரப்பு இல்லை. காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பைக்குள் போடப் போனபோது ஒன்றில் வெளிச்சம் பட்டது. அடி விளிம்புக்குச் சற்று மேலே, கூட்டைச் சுற்றி ஒரு மெல்லிய பளபளப்பான கோடு, மோதிரம் போட்டது போல. அடுத்ததிலும் அதே கோடு. பக்கத்து மேசையில் சுட்டுக்கொண்டிருந்த பெரியவர் எழுந்து வந்து, ஒரு கம்பி முனையைக் கொக்கி போல வளைத்து, கூட்டுக்குள் விட்டு மெதுவாக மேலே இழுத்தார். என்னையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். கோடு இருந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் தட்டி நின்றது. "தம்பி, இனி ஒரு குண்டுகூட இதில் சுடாதே" என்றார்.

என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன். .303 தோட்டாவுக்கு அடியில் விளிம்பு உண்டு. அந்த விளிம்புதான் தோட்டாவை அதன் இடத்தில் நிறுத்துகிறது. மூடிய போல்டின் முகத்துக்கும் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறோம். குறைந்தபட்ச அளவு 0.064 அங்குலம், பிரிட்டிஷ் ராணுவம் ஒப்புக்கொண்ட உச்ச அளவு 0.074. இரண்டுக்கும் நடுவே மூன்று நான்கு தலைமுடி தடிமன்தான். இடைவெளி அதைத் தாண்டினால், சுடும்போது கூட்டின் முன்பாதி அழுத்தத்தில் தோட்டா உட்காரும் அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ள, பின்பாதி போல்டை நோக்கித் தள்ளப்படும். நடுவில் பித்தளை இழுபட்டு மெலியும். ஒரு நாள் இரண்டாக அறும். அப்போது கொதிக்கிற வாயு சுடுகிறவர் பக்கம் வரும். நம்பர் 4-ன் அறை கொஞ்சம் தாராளமாகவே வெட்டப்பட்டது, அதனால் பலமுறை மறுநிரப்பிய கூட்டில் இந்தக் கோடு நல்ல துப்பாக்கியிலும் வரலாம். புதுத் தோட்டாவில், முதல் சுடுதலிலேயே வந்தால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட வேண்டும்.

பெரியவருக்குத் தெரிந்த, துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் கொண்டுபோனோம். அந்த உச்ச அளவைச் சோதிக்கும் ஃபீல்டு கேஜை வைத்துப் போல்டை மூடினார். மூடவே கூடாது, தடையே இல்லாமல் மூடியது.

அப்புறம்தான் போல்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். நம்பர் 4-ல் போல்டின் தலை தனியாகத் திருகிக் கழற்றும்படி இருக்கும். 0, 1, 2, 3 என்று நான்கு அளவு; எண் கூடக் கூடத் தலை நீளம், ஹெட்ஸ்பேஸ் குறையும். என் போல்டில் இருந்தது 2. இதில் இருந்தது 0. கைப்பிடியின் பின்பக்கத்தில் என் எண் சரியாகவே இருந்தது, 'எல்' கூட இருந்தது. ஆனால் அந்த இடம் மட்டும் அரத்தால் ராவியது போலத் தட்டையாக, மற்ற இடங்களைவிட வெளிறி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துச் சாய்வாக டார்ச் அடித்தோம். 'எல்' எழுத்துக்கு அடியில் பழைய 'சி'யின் வளைவு தெரிந்தது. போல்டின் உடம்பில் சாவேஜ் பாகங்களில் இருக்கும் சதுர வடிவ 'எஸ்' முத்திரை. நான் கொடுத்த போல்டில் இருந்தது லாங் பிராஞ்சின் 'எல்பி' முத்திரை. துடைத்த காலத்தில் எடுத்த படம் என்னிடம் இருக்கிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பழைய ராணுவத் துப்பாக்கிகளில் பாகங்கள் கலந்திருப்பது இயல்பு. ராணுவ ஆலைகளிலேயே பழுது பார்க்கும்போது வேறு போல்ட் போட்டு, பழைய எண்ணை அடித்துவிட்டுப் புது எண் பொறித்திருப்பார்கள். ஆனால் அவர்கள் போல்டைப் பூட்டிப் பிடிக்கும் முனைப்புகளான இரண்டு லக்குகளும் பாடியில் சமமாகப் பதிகின்றனவா என்று பார்த்து, கேஜ் வைத்துத் தலையைத் தேர்ந்தெடுத்துப் பொருத்தினார்கள். என் துப்பாக்கியில் வலப்பக்க லக் பதியவே இல்லை. எண்ணை மட்டும் மாற்றிப் பொறித்திருக்கிறார்கள்.

பட்டறைக்குப் போய்க் கேட்டேன். முதலில் "வரும்போதே அப்படித்தான் இருந்தது சார்" என்றார். படத்தைக் காட்டினேன். வெகுநேரம் கழித்து ஒப்புக்கொண்டார்: அந்த வாரத்தில் நான்கு துப்பாக்கிகளை ஒரே மேசையில் பிரித்திருக்கிறார்கள், போல்ட்கள் கலந்துவிட்டன, எது எவருடையது என்று தெரியாமல் கைக்கு வந்ததைப் போட்டு எண்ணைச் சரிக்கட்டிவிட்டார்கள். பழைய முன்கட்டையும் பின்குறியும் எங்கே என்றதற்குக் குப்பையோடு போயிருக்கும் என்றார். கூலியில் பாதியைத் திருப்பித் தந்தார். மீதிக்கு இன்னும் அலைகிறேன். துப்பாக்கி எண்ணைத் திருத்துவது பல நாடுகளில் குற்றம், அந்தத் திருத்தம் இப்போது என் பெயரில் உள்ள துப்பாக்கியில் இருக்கிறது. அதனால் படங்களோடு உரிமம் தரும் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நேர்மையான அந்த இன்னொரு கன்ஸ்மித் வேறொரு போல்ட் தேடி, லக்குகளைப் பதியவைத்து, 3-ம் எண் தலை போட்டு, என் கண்முன்னே கேஜ் வைத்துக் காட்டி, அளவை ரசீதிலும் எழுதிக் கொடுத்தார். இனி ஒருவரிடம் கொடுப்பதென்றால் போல்ட் எண், தலை எண், கழற்றிய ஒவ்வொரு பாகம், எல்லாவற்றையும் படமெடுத்து ரசீதில் எழுதி வாங்காமல் கொடுக்க மாட்டேன். நீங்களும் கொடுக்காதீர்கள். முடிந்தால் போல்டைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொண்டு மீதியை மட்டும் கொடுங்கள். ஸ்டாக்கைப் பூட்டப் போல்ட் தேவையில்லை, டிரிகரின் இழுப்பைச் சரிபார்க்கும்போது மட்டும் அது வேண்டும்.

இதை எழுத முக்கியக் காரணம் இன்னும் பாக்கி இருக்கிறது. என்னிடம் வந்தது யாரோ ஒருவருடைய சாவேஜ் போல்ட் என்றால், என் போல்ட் இன்னொருவர் துப்பாக்கியில் இருக்கிறது. மீதி மூன்று பேர் யார் என்று பட்டறைக்காரர் சொல்ல மறுக்கிறார், அவர்களுக்குத் தகவல் சொன்னதாகவும் தெரியவில்லை. உங்கள் நம்பர் 4 சாவேஜ் என்றால், அண்மையில் எந்தப் பட்டறைக்காவது போய் வந்திருந்தால், இன்றே போல்டை வெளியே எடுங்கள். கைப்பிடியின் பின்பக்கம் புதிதாக ராவியதுபோல் இருக்கிறதா, 'சி'க்கு அடியில் 'எல்' தெரிகிறதா, எங்காவது 'எல்பி' முத்திரை இருக்கிறதா, தலையில் 2 என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கேஜ் வைத்துப் பார்க்கும் வரை ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள். எனக்கும் தெரியப்படுத்துங்கள். உங்கள் போல்டைப் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன்.