காற்றுக்குழாயை மாற்றினால் எஞ்சினையும் ட்யூன் செய்ய வேண்டுமா?

டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் ஞாயிற்றுக்கிழமை எந்த வாசலில் பானட் திறந்திருந்தாலும் இந்தக் கேள்வி எழும்: புதிய ஏர் இன்டேக் (எஞ்சினுக்குள் காற்றைக் கொண்டுபோகும் குழாயும் வடிகட்டியும்) போட்டாயிற்று, இனி ட்யூனிங்குக்கும், அதாவது எஞ்சின் கணினியின் அமைப்புகளை மாற்றி எழுதுவதற்கும், செலவழிக்க வேண்டுமா? என் டொயோட்டா ரன்எக்ஸ் ஆர்எஸ்ஐக்கு நான் ட்யூனிங் இல்லாத வழியைத்தான் தேர்ந்தெடுத்தேன். அதற்கு ஒரு நிபந்தனை உண்டு. அது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது.

காரோடு வந்த வடிகட்டிப் பெட்டிக்குள்ளேயே நல்ல வடிகட்டியை வைப்பவர்களுக்கு ட்யூனிங் வேண்டாம். சக்தியும் பெரிதாக அதிகரிக்காது.

நான் முதலில் அகலமான குழாய் ஒன்றைப் பொருத்தினேன். எச்சரிக்கை விளக்கு எரியவில்லை. எல்லாம் சரி என்று நம்பி மூன்று மாதம் ஓட்டினேன். பிறகு எங்கள் தெரு மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைச் செருகினார். நீண்டகால எரிபொருள் திருத்தம், அதாவது கணினி தன் பெட்ரோல் கணக்கில் கற்றுவைத்துச் செய்யும் மாற்றம், 17 சதவீதம் கூட்டலில் நின்றது. "தம்பி, சென்சார் உட்காரும் இடத்தில் குழாயை அளந்தாயா?" என்றார். நான் அளக்கவில்லை.

காற்றின் நிறையை அளக்கும் அந்தச் சென்சாரில் சூடான கம்பி ஒன்று இருக்கிறது. காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் கணினி பெட்ரோலைக் கணக்கிடுகிறது. அந்த இடத்தில் உள்விட்டம் 70 மில்லிமீட்டரிலிருந்து 76 ஆனால் பரப்பு ஏறத்தாழ 18 சதவீதம் கூடிவிடும். அதே அளவு காற்று மெதுவாகக் கடக்கும். கம்பி குறைவாகக் குளிரும். கணினி பெட்ரோலைக் குறைக்கும். நிதானமாக ஓட்டும்போது ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிடுகிறது. ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது அந்தக் கண்காணிப்பு இல்லை, ஏற்கெனவே கற்றுவைத்த திருத்தம் மட்டுமே துணை. காற்றை அதிகமாக அழுத்தும் (11.5:1 அழுத்த விகிதம்) இந்த எஞ்சினை அதை நம்பி நிமிடத்துக்கு 8000 சுற்றுக்கு விரட்ட எனக்கு மனம் வரவில்லை.

காற்றின் அளவு மாறுவதைக் கணினி தாங்கும். டர்பனிலிருந்து என்3 நெடுஞ்சாலை வழியாக ஜோஹன்னஸ்பர்க் போய்ப் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1750 மீட்டர் ஏறுகிறோம். காற்று ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக மெலிகிறது. வழியிலுள்ள வான் ரீனன் மலைக் கணவாயில் நிறுத்தி யாரும் ட்யூன் செய்வதில்லை. சென்சார் உள்ளதை உள்ளபடி சொல்கிறது, கணினி பெட்ரோலைக் குறைத்துக்கொள்கிறது. சென்சாரே தவறாகச் சொன்னால்தான் சிக்கல்.

ஆகவே சென்சார் இருக்கும் பகுதியில் பழைய விட்டமே உள்ள, எஞ்சின் வெப்பம் புகாத மூடிய இன்டேக்கை வாங்கினேன். திருத்தம் இப்போது 3 சதவீதத்தில் நிற்கிறது. எண்ணெய் தடவும் வடிகட்டியையும் தவிர்த்தேன். எண்ணெய் மிகுந்தால் கம்பியில் படிந்து அளவைக் கெடுக்கும்.

ட்யூனிங் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். அகலக் குழாயை வைத்துக்கொள்ள விரும்பினால் அது கட்டாயம். கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு), இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) மாற்றுபவர்களுக்கும் அப்படியே. ஆனால் டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) இல்லாத காரில் இன்டேக்கோடு நிற்பவருக்குக் கிடைப்பது சில கிலோவாட்தான். பிறகு காரை விற்கும்போது பழைய பெட்டியைத் திரும்பப் பொருத்தினால், ட்யூனிங்கையும் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

டர்போ கார்களில் என் அனுபவம் என் தம்பியின் ஒரே ஒரு ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் காரோடு முடிகிறது. அதில் ட்யூனிங்கால் வந்த வேகம் இன்டேக்கால் வந்ததைவிட மிக அதிகம். டர்போ வைத்திருப்பவர்கள் என் முடிவை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.