சாட்ஸ்வொர்த் மாஸ்டர்ஸ் தேர்வுப் பயிற்சி: நான்கு வாரத்தில் இரண்டு வாரம் தேறும்

தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் நடக்கும் வகுப்பு இது. உளவியல் ஆனர்ஸ் (இளங்கலைக்குப் பிறகான ஓராண்டுப் படிப்பு) முடித்து, கிளினிக்கல் அல்லது கவுன்சலிங் மாஸ்டர்ஸுக்கு விண்ணப்பிப்பவர்களை, ஆள் தேர்ந்தெடுக்கும் குழுவின் முன் நிற்கத் தயார்படுத்துவது. நான்கு சனிக்கிழமை, கட்டணம் 2,400 ராண்ட், ஒரு தொகுதிக்குப் பன்னிரண்டு பேர். பல பல்கலைக்கழகத் துறைகள் ஆண்டின் நடுவிலேயே விண்ணப்பத்தை மூடிவிடுவதால், சேர்வதானால் மே மாதத் தொகுதியில் சேருங்கள். ஜூலைத் தொகுதி பலருக்குப் பயன்படாது.

முதல் வாரம் சுயவரலாற்றுக் கட்டுரை. வகுப்பிலேயே பலவீனமான பகுதி இதுதான். மாதிரிக் கட்டுரை ஒன்றைக் கொடுத்து அதைப் பார்த்து எழுதச் சொல்கிறார்கள். விளைவு, 1860-இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிவந்த ட்ரூரோ கப்பலில் வந்திறங்கிய மூதாதையரில் தொடங்கி, பாட்டியின் பொறுமையைத் தொட்டு, 'மக்களுக்கு உதவ ஆசை' என்று முடியும் பன்னிரண்டு கட்டுரைகள். தேர்வுக் குழு தேடுவது வம்சக் கதையை அல்ல. இன்னொருவரை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்ட ஒரு தருணம், அதை எப்படி உணர்ந்தீர்கள், பிறகு எதை மாற்றினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதினால் அது பேசும். வகுப்பில் சொல்லாத இன்னொன்று: எழுதியதெல்லாம் நேர்முகத்தில் கேள்வியாக வரலாம். குரல் உடையாமல் ஐந்து நிமிடம் பேச முடியாத துயரத்தைக் கட்டுரையில் வைக்காதீர்கள்.

இரண்டாம் வாரம் உளவியல் சோதனைகள். எல்லாத் துறைகளும் சோதனை வைப்பதில்லை. வைக்கும் இடத்திலும் விடைகளைப் பழகிக்கொண்டு போவது முறையல்ல. அன்று வகுப்பில் தரும் வடை மட்டும் நன்றாக இருக்கும்.

மூன்றாம் வாரத்துக்காகத்தான் பணம் கொடுக்கலாம். ஆறு பேரை வட்டமாக உட்காரவைத்து ஒரு வழக்கைக் கொடுக்கிறார்கள்: ஒன்பதாம் வகுப்புப் பையன், தூக்கமில்லை, நேர்த்திக்கடன் பாக்கி இருப்பதால்தான் இப்படி என்கிறார் அழைத்துவந்த பாட்டி. அரை மணி நேரம். பயிற்சியாளர்கள் இருவர் ஓரமாக இருந்து குறிப்பெடுக்கிறார்கள். எப்போதும் ஒருவர் தலைமையைப் பிடித்துக்கொள்வார், ஒருவர் வாயே திறக்கமாட்டார், இரண்டாம் நிமிடத்திலேயே 'டிப்ரெஷன்' என்று முத்திரை குத்தவும் ஒருவர் இருப்பார். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்ததுண்டா என்று பையனிடம் யார் எப்படிக் கேட்பது, பாட்டியின் விளக்கத்தைச் சிரிக்காமல் எப்படி வாங்கிக்கொள்வது என்ற பேச்சே எழாது. பயிற்சியாளர் அங்கேயே நிறுத்தி அதைக் காட்டுகிறார். புத்தகத்தில் இது கிடைக்காது.

நான்காம் வாரம் மாதிரி நேர்முகம், ஆளுக்கு இருபது நிமிடம். இசிஸுலு (ஸுலு மொழி) பற்றிய கேள்விக்கு மட்டுமே தனியாக நேரம் கொடுக்கிறார்கள். அது சரியே, ஏனென்றால் டர்பன் இருக்கும் குவாஸுலு-நட்டால் மாகாணத்தின் அரசு மருத்துவமனைகளுக்கு வருபவர்களில் பெரும்பான்மையினரின் மொழி அது. 2014 முதல் குவாஸுலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் இளங்கலை சேர்ந்தவர்களுக்கு இசிஸுலு பாடம் கட்டாயம். ஆனால் பாடத்தில் தேறுவது வேறு, நோயாளியின் வரலாற்றைக் கேட்டு வாங்குவது வேறு. உறவினர் மொழிபெயர்த்தால் எதெல்லாம் மறைந்துபோகும் என்று சொல்லத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடும்.

பெரிய குறை கையேட்டில் இருக்கிறது. 'ஐந்து ஆண்டில் உளவியலாளர்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். கணக்குப் போடுங்கள்: இளங்கலை 3, ஆனர்ஸ் 1, மாஸ்டர்ஸ் பாடம் 1, இன்டர்ன்ஷிப் 12 மாதம். கவுன்சலிங்குக்கே ஆறு ஆண்டு ஆகிவிட்டது. கிளினிக்கல் என்றால் அரசு மருத்துவத்தில் செய்ய வேண்டிய கட்டாயச் சமூக சேவை ஆண்டு ஒன்று கூடி ஏழு. எச்.பி.சி.எஸ்.ஏ. (மருத்துவத் தொழில்களைப் பதிவு செய்யும் தென்னாப்பிரிக்க மன்றம்) பதிவுக்கு அதன் உளவியல் வாரியத் தேர்விலும் தேற வேண்டும். இன்டர்ன்ஷிப்பில் மூழ்கி மாஸ்டர்ஸ் ஆய்வேட்டைத் தள்ளிப்போடுகிறவர்கள் அதிகம். ஆய்வேடு முடியாமல் பட்டம் இல்லை, பட்டம் இல்லாமல் உளவியலாளராகப் பதிவும் இல்லை. தலைப்பை முதல் ஆண்டு ஜூனுக்குள் முடிவு செய்து, நெறிமுறைக் குழுவின் அனுமதியை அந்த ஆண்டே வாங்கிவிடுவது நல்லது.

ஒரு துறை எடுப்பது பத்துப் பேர் அளவில். விண்ணப்பங்களோ அதைப்போல் பல மடங்கு. ஆக, இந்த வகுப்புக்கு வருபவர்களில் பெரும்பாலோர் இடமில்லாமல் திரும்பப்போகிறவர்கள். அவர்களுக்கென்று ஒரு பக்கம்கூடக் கையேட்டில் இல்லை. பதிவுபெற்ற கவுன்சலர் அல்லது சைக்கோமெட்ரிஸ்ட் (உளவியல் சோதனைகளை நடத்துபவர்) ஆவதற்கு மாஸ்டர்ஸ் தேவையில்லை: அங்கீகரிக்கப்பட்ட நான்காண்டுப் படிப்பு, 720 மணி நேரச் செயல்முறைப் பயிற்சி, வாரியத் தேர்வு. எல்லா ஆனர்ஸும் இந்த வழியில் சேராது என்பதால், பயிற்சிக்கூறு உள்ளதா என்று துறையிடம் முன்பே கேட்டுவிடுங்கள். கவுன்சலர் கட்டணத்தைச் சில மெடிக்கல் எய்டுகள் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள்) தருவதில்லை என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாம், நான்காம் வாரங்களுக்கு மட்டும் 1,300 ராண்டுக்குச் சேரலாம். விளம்பரத்தில் போடவில்லை, கேட்டால் சொல்வார்கள்.