வேலையில் இருந்தபடியே தலைமைத்துவ டாக்டரேட்: சேரும் முன் பார்க்க வேண்டியவை

பிஎச்.டி. கேட்பது, "இந்தத் துறைக்கு இதுவரை தெரியாத எதைக் கண்டுபிடித்தீர்கள்?" என்று. எட்.டி. (கல்வித் துறைக்கு), டி.பி.ஏ. (வணிக நிர்வாகத்துக்கு) போன்ற பணிசார் டாக்டரேட்டுகள் கேட்பது வேறு: "உங்கள் அலுவலகத்தில் வருடக்கணக்காகத் தீராமல் கிடக்கிற இந்தச் சிக்கலுக்கு என்ன செய்தீர்கள்? செய்தது பலித்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்?" வகுப்பு பல்கலைக்கழகத்தில் நடக்கிறது, ஆய்வுக்கூடம் உங்கள் வேலையிடத்தில் இருக்கிறது. கட்டணம் கட்டி வாங்குவது பாதிப் பொருள்தான், மறுபாதியை நீங்கள் கொண்டுவர வேண்டும். விளம்பரக் கையேடுகள் இதைப் பெரிய எழுத்தில் போடுவதில்லை. பாதியில் நிற்கும் பலர் தடுக்கி விழுவதும் இங்கேதான்.

சரக்கு புதிதல்ல. ஹார்வர்டு 1921-லேயே எட்.டி. கொடுத்தது. ஆனாலும் பல பத்தாண்டுகள் அது 'சின்ன பிஎச்.டி.' என்ற ஏளனத்தோடுதான் ஓடியது. கல்வி டாக்டரேட்டுக்கான கார்னகி திட்டம் 2007-இல் தொடங்கிய பிறகு, பணியிடச் சிக்கல் ஒன்றைச் சுற்றி எழுதும் நடைமுறை ஆய்வேடு என்ற வடிவம் அமெரிக்கக் கல்லூரிகளில் பரவியது. ஹார்வர்டே 2010-இல் எட்.எல்.டி. என்று கல்வித் தலைமைக்குத் தனிப் பட்டம் தொடங்கியது. ஆனால் அதில் மூன்றாம் ஆண்டு முழுக்க வேறொரு நிறுவனத்தில் தங்கி வேலை செய்ய வேண்டும். இருக்கிற வேலையை வைத்துக்கொண்டு அதைப் படிக்க முடியாது. 'நடைமுறை சார்ந்தது' என்பதும் 'வேலையோடு படிக்கலாம்' என்பதும் ஒன்றல்ல. பாடத்திட்டத்தில் இரண்டையும் தனித்தனியாகத் தேடிப் பாருங்கள்.

நேரக் கணக்குக்கு வருவோம். வாரம் 15 முதல் 20 மணி நேரம் வேண்டும், மூன்று முதல் ஐந்து வருடம். பிரிட்டிஷ் முறையில் ஆய்வேடு பெரும்பாலும் 40,000 முதல் 60,000 சொற்கள், பிஎச்.டி.க்கு 80,000 முதல் 1,00,000 வரை. அளவு குறைவு என்று நிம்மதி அடைய வேண்டாம், பாடவேளைகளும் கட்டுரைகளும் அதற்கு முன்பே வரிசையில் நிற்கின்றன. அந்தப் பாடக்கட்டம் எளிதாகவே ஓடிவிடும். கெடு தேதி உண்டு, கூடப் படிக்கிறவர்கள் உண்டு. அது முடிந்த அன்றைக்குக் கெடுவும் போய்விடும், கூட்டமும் கலைந்துவிடும். ஆய்வேடு மட்டும் பாக்கி என்ற நிலையில் வருடக்கணக்காகத் தொங்குகிறவர்கள் உருவாவது அந்த இடைவெளியில். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஆய்வேட்டு வேலை எந்தப் பருவத்தில் தொடங்குகிறது? முதல் பருவத்திலேயே சிக்கலை எழுதவைத்து, ஒவ்வொரு பாடத்தின் கட்டுரையையும் ஆய்வேட்டின் ஒரு துண்டாக மாற்றும் திட்டத்துக்குக் கூடுதல் கட்டணம் கொடுத்தாலும் தகும். 'பாடங்கள் முடிந்தபின் தலைப்பு பார்த்துக்கொள்ளலாம்' என்று சொல்லும் திட்டம் மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

தலைப்பில்தான் பாதி விதி எழுதப்படுகிறது. 'எங்கள் பள்ளியில் தலைமைப் பண்பை வளர்ப்பது' என்று எழுதிக்கொண்டு போனால் ஒரு வருடம் வீண். அதில் அளக்க ஒன்றுமில்லை, முடிவும் இல்லை. இதையே இறுக்கிப் பார்க்கலாம்: புதிய ஆசிரியர்கள் முதல் வருடத்திலேயே விலகுகிறார்கள். துறைத் தலைவர் அந்தப் புதிய ஆசிரியர் ஒவ்வொருவரோடும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 30 நிமிடம் உட்கார்ந்து, பாடம் நடத்துவதைப் பற்றி மட்டும் பேசினால், அவர்கள் உதவி கேட்கும் விதம் மாறுகிறதா? இதில் யார், என்ன, எத்தனை முறை என்பதெல்லாம் இருக்கிறது. விலகல் எண்ணிக்கையை முடிவாக வைக்காததும் காரணத்தோடுதான். அது வருடத்துக்கு ஒருமுறை வரும் எண், பத்துப் பேரில் ஒருவர் கூடினாலும் குறைந்தாலும் அதிலிருந்து எதையும் சொல்ல முடியாது. ஆறு வாரத்தில் தெரியக்கூடிய சின்ன அளவுகோல் இருந்தால்தான் திட்டமிடு, செய், ஆராய், திருத்து என்ற சுற்றை மூன்று முறையாவது ஓட்ட முடியும். ஒரே சுற்றோடு முடித்தால் அது வெறும் திட்ட அறிக்கை.

இன்னொரு சோதனையும் உண்டு. அந்த 30 நிமிடத்தைக் கால அட்டவணையில் ஒதுக்கும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறதா? இல்லையென்றால் அது உங்கள் மேலதிகாரியின் ஆய்வு. அவர் மனம் மாறினால் அன்றோடு சரி.

அடுத்து எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வில் பங்கேற்பவர்களுக்குத் தீங்கு வராதா என்று பார்த்து அனுமதி தரும் குழு. உள்ளிருந்து ஆய்வு செய்கிறவர்களின் விண்ணப்பம் ஒரே தடவையில் கடப்பது அபூர்வம். காரணம் எளிது: கீழே வேலை பார்ப்பவரிடம் "பேட்டி தருகிறீர்களா?" என்று அதிகாரி கேட்டால், 'முடியாது' என்று சொல்லும் சுதந்திரம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அழைப்பை உங்களுக்குப் பதில் வேறொருவர் அனுப்ப வேண்டும். யார் சம்மதித்தார், யார் மறுத்தார் என்பது உங்களுக்குத் தெரியவே கூடாது. உங்களுக்கு நேரடியாகக் கீழே இருப்பவர்களின் பேட்டியை வெளியாள் எடுத்து, அடையாளம் நீக்கிய பிறகு எழுத்துவடிவில் தரவேண்டும். பெயரை மாற்றினால் போதும் என்று நினைப்பது வழக்கமான பிழை. சின்ன நிறுவனத்தில் 'கணிதத் துறையின் பெண் தலைவர்' என்று எழுதினாலே எல்லாருக்கும் ஆள் தெரிந்துவிடும். நிறுவனத் தலைமையின் அனுமதிக் கடிதம் தனியாக வேண்டும். அதில் முடிவுகள் பாதகமாக வந்தாலும் ஆய்வேட்டில் எழுதலாம் என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். திருத்தி அனுப்பி, மறுபடி காத்திருந்து என்று இரண்டு மூன்று மாதம் ஓடிவிடும். பள்ளி விடுமுறையோ கணக்கு முடிக்கும் மாதமோ இடையில் விழுந்தால் ஒரு பருவமே போகும்.

தரவு சேகரிப்பில் எல்லாரும் குறைத்து மதிப்பிடுவது பேட்டியை எழுத்தாக்கும் வேலையை. ஒரு மணி நேர ஒலிப்பதிவைக் கையால் எழுத நான்கு முதல் ஆறு மணி நேரம். பன்னிரண்டு பேட்டி என்றால் 48 முதல் 72 மணி நேரம், அதாவது உங்கள் வாரக் கணக்கில் மூன்று நான்கு வாரம். மென்பொருள் செய்து தரும்தான். ஆனால் பதிவை அந்த மென்பொருள் நிறுவனத்தின் சர்வரில் ஏற்றுவதற்கு எத்திக்ஸ் அனுமதியில் இடம் இருக்க வேண்டும், பிறகு வரிவரியாகக் கேட்டுத் திருத்தவும் வேண்டும். மேற்கோள்களைத் தொகுக்க ஜோட்டேரோ என்ற மென்பொருளை முதல் நாளே போட்டுக்கொள்ளுங்கள், இலவசம். இருநூறு கட்டுரை சேர்ந்தபின் தொடங்குவது தலைவலி.

கைடு பற்றிக் கேட்க வேண்டியவை: இப்போது எத்தனை பேருக்கு வழிகாட்டுகிறார், ஓர் அத்தியாயம் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்பி வரும், அவர் பல்கலைக்கழகத்தை விட்டுப் போனால் அடுத்தவர் யார். கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் கிடைக்காத இடத்தில் பணம் கட்டாதீர்கள். அதே திட்டத்தில் முடித்தவர்களின் ஆய்வேடுகள் மூன்றை நூலகத் தளத்தில் எடுத்து, முறையியல் அத்தியாயத்தை மட்டும் படித்தாலே தரம் தெரிந்துவிடும்.

கட்டணத்தில் மறைந்திருப்பது நீட்டிப்புக் கட்டணம். உரிய காலத்தில் முடிக்காதவர்களிடம் பருவத்துக்குப் பருவம் வாங்குவார்கள், அது எவ்வளவு என்று சேரும்போதே கேளுங்கள். நிறுவனம் பணம் கட்டுகிறது என்றால், பாதியில் வேலை மாறினால் திருப்பித் தரவேண்டுமா என்ற நிபந்தனையையும் பாருங்கள். அங்கீகாரம் விஷயத்தில், டி.பி.ஏ.வுக்கு ஆம்பா (வணிகப் பள்ளிகளின் படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) தனியாகத் தரச்சான்று கொடுக்கிறது, அதன் பட்டியலில் தேடலாம். பணி அனுபவத்தையே கணக்கில் வைத்துச் சில மாதத்தில் முழு டாக்டரேட் தருகிறோம் என்றால் அது பட்டக்கடை.

ஆய்வுப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகும் எண்ணம் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, பிஎச்.டி.க்கே போகலாம். இரண்டு வருடத்தில் வேலை மாறும் வாய்ப்பு இருப்பவர்களும் தள்ளிப்போடுவது நல்லது. இடம் மாறினால் அனுமதிக் கடிதம், எத்திக்ஸ் ஒப்புதல், தரவு எல்லாம் மறுபடி பூஜ்யத்திலிருந்து. மற்றவர்களுக்கு, மேலே சொன்ன 30 நிமிடம் மாதிரி ஒன்று கையில் இருந்தால், இந்த வகைப் பட்டத்துக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம்.

வைவாவுக்கு, அதாவது கடைசி வாய்மொழித் தேர்வுக்கு, பயப்படுகிறவர்களுக்கு ஒன்று. செய்த மாற்றம் பலிக்கவில்லை என்பதற்காக ஆய்வேடு தோற்பதில்லை. இரண்டாம் சுற்றில் துறைத் தலைவர்கள் சந்திப்பைத் தவிர்த்தார்கள் என்றால், ஏன் தவிர்த்தார்கள், அதற்கு என்ன சான்று, மூன்றாம் சுற்றில் எதை மாற்றினீர்கள் என்று தேர்வாளர்கள் துருவுவார்கள். எல்லாம் பலித்தது என்று எழுதியவரைத்தான் அதிக நேரம் உட்காரவைப்பார்கள்.